ட்ரில் செக்‌ஷன் வனஜா

புருஷன் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், வனஜா குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள். காலில் புருஷனுடைய பழைய கான்வாஸ் ஷூ. பெரிதாக இருந்ததால் முன்பக்கம் பேப்பரைத் திணித்திருந்தாள். பால் வாங்க வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். துக்கம் தலைக்கு ஏறிவிட்டது, பாவம், என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். செவ்வாய்க்கிழமையும் ஓடினாள், புதன்கிழமையும் ஓடினாள். ஏன் ஓடுகிறாய் என்று ஒருத்தரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அவளுக்கு மறைக்கத் தெரியாது.

விஷயம் இதுதான். அவள் புருஷன் பரமசிவம் புனேயில், கட்கிப் பக்கம், வெடிமருந்துத் தொழிற்சாலையில் மருந்து நிரப்பும் பிரிவில் வேலை பார்த்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் மாரடைப்பில் எழுந்திருக்கவே இல்லை. அவருடைய வேலைக்குப் பதிலாகக் கருணை அடிப்படையில் வனஜாவுக்கு ஒரு வேலை வந்தது. ஆபீஸ் கிளார்க், உங்களை ட்ரில் செக்‌ஷனில் போடட்டுமா என்று இந்தியில் கேட்டார். வனஜா குடியாத்தம் அரசுப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். அந்தப் பள்ளியில் ட்ரில் மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். கழுத்தில் விசில், கையில் பிரம்பு. ட்ரில் பீரியட் என்றால் வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். வனஜாவுக்குத் தெரிந்த ட்ரில் அது ஒன்றுதான். முப்பத்திரண்டு வயதில், ஆறு வயதுப் பிள்ளையோடு நிற்கிறவளை ஓடவிடுகிறது என்ன கவர்மென்ட் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் சோறு போடுகிறவன் ஓடச் சொன்னால் ஓட வேண்டியதுதானே. போடட்டும் என்று சொல்லிவிட்டு வந்து பழக ஆரம்பித்துவிட்டாள்.

வியாழக்கிழமை கான்வாஸ் ஷூவோடு வேலைக்குப் போனாள். செக்‌ஷனைக் கவனிக்கும் சார்ஜ்மேன் சாவந்த் அவளை அவள் உயரத்துக்கு இருந்த ஒரு மெஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கைப்பிடியை இப்படிக் கீழே இழு, பிட் சுழன்றபடியே இறங்கி இரும்பில் ஓட்டை போடும் என்று காட்டினார். வனஜா அரைமணி நேரம் ஓட்டை போட்டாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள், விசில் எப்போது ஊதுவீர்கள் என்று.

சாவந்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மெஷின்கள் நின்றன. செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. இன்றைக்கும் பழைய ஆட்கள் அவளை 'பி.டி. மேடம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டு அதை மறந்திருப்பார்கள். வனஜாவுக்கு வெட்கம் அன்று சாயங்காலமே போய்விட்டது. ஆச்சரியம்தான் போகவில்லை. விசில் ஊதி ஓடவிடுகிறதற்கும் இரும்பைத் துளைக்கிறதற்கும் எப்படி ஒரே பெயர் வந்தது? இரண்டுக்கும் யார் கல்யாணம் பண்ணி வைத்தது? இந்த மாதிரிக் கேள்வியைப் படித்தவர்கள் கேட்டால் ஆராய்ச்சி என்று பெயர். மெஷின் ஓட்டுகிறவள் கேட்டால் கிறுக்கு. செக்‌ஷனில் அப்படித்தான் பெயர் வைத்தார்கள், அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள். முதலில் பஞ்ச் என்கிற கூர் உளியால் ஒரு புள்ளி குத்து, பிட் வழுக்காது. ஒரேயடியாக அழுத்தாதே, கொஞ்சம் இறக்கு, வெளியே எடு, சீவல் வெளியே வரட்டும், மறுபடி இறக்கு. கையுறை போடாதே, சுழல்கிற பிட் கையுறையோடு விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே அழுத்தாக அழுத்திப் பிட்டை உடைப்பார்கள். வனஜா உடைத்த பிட்களை ஒரு கை விரலில் சொல்லிவிடலாம்.

வேலை பழகப் பழகக் கேள்வியும் வளர்ந்தது. ஒரு தடவை கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யப் போனாள். வாயைப் பிளந்து வைத்திருக்கும்போது அந்தப் பெண் டாக்டர் உதவியாளரிடம், ட்ரில்லைக் கொடு என்றார். வனஜா கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாள். வலிக்கிறதா என்று டாக்டர் பதறினார். வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு வனஜா கேட்டாள், இது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்? மூன்று லட்சத்துக்கு மேலே என்றார் டாக்டர். வனஜாவின் மெஷின் எண்ணூறு சுற்றும். ஒரு வாரத்துக்கு அவளுக்குத் தன் மெஷினைப் பார்க்கவே கொஞ்சம் இளக்காரமாக இருந்தது.

மோஷியில் விவசாயக் கண்காட்சி நடந்தபோது, விதைக்கும் ட்ரில் என்று ஒரு கருவி இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் பிடித்துப் போனாள். வீட்டில் ஒரு துளசித் தொட்டி தவிர அவளுக்கு மண் என்று எதுவும் கிடையாது. விற்பனைக்காரர் எத்தனை ஏக்கர் என்று கேட்டதற்கு, ஒரு தொட்டி என்று கூசாமல் சொல்லிவிட்டு, விதை எத்தனை அங்குல ஆழத்தில் விழும், குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு மணி நேரம் கேட்டாள். ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் அண்ணன் மகன் தினேஷ் ஒருநாள், ஒரு நம்பரை எடுத்து அதற்குள்ளே உள்ளே உள்ளே போய்ப் பார்ப்பதை நாங்களும் ட்ரில் என்றுதான் சொல்கிறோம் அத்தை என்றான். அவன் ஆபீஸில் தீ விபத்து ட்ரில் நடக்கும்போது காபிக் கோப்பையோடு படியிறங்கி செல்ஃபி எடுத்துக்கொள்வார்களாம். வனஜாவுக்கு அதைக் கேட்டு உண்மையிலேயே கோபம் வந்தது. அவள் தொழிற்சாலையில் சைரன் ஊதினால் கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வரிசையாகப் போக வேண்டும், ஓடக் கூடாது, பேசக் கூடாது. அதில் யாரும் விளையாடிப் பார்த்ததில்லை.

இந்த விசாரணையில் அவளுக்குக் கூட்டாளி மகள் நீலா. நீலா பிறந்து வளர்ந்தது புனேயில். தமிழ் வீட்டுக்குள் பேசுவாள், அதுவும் இந்தி, மராத்தி எல்லாம் கலந்து. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அம்மா தூங்கிவிடுவாள். ஆனால் ஃபோனில் எதைத் தேடினாலும் கண்டுபிடிப்பாள். வானவடியில் ராணுவக்காரர்களுக்கு யூனிஃபார்ம் தைக்கும் ஸ்வாமிநாதன் கடையில் நீலாவின் பள்ளி பேன்ட்டைத் தைக்கக் கொடுத்தபோது, இது ட்ரில் துணி என்று அவர் சொன்னார். இதைப் போட்டுக்கொண்டு சிப்பாய்கள் ட்ரில் செய்வதால் அந்தப் பெயர் என்று காரணமும் சொன்னார். அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வனஜா நம்பிவிட்டாள். நீலா நம்பவில்லை. அன்று சாயங்காலமே தேடிப் பார்த்துவிட்டு, அம்மா, அது வேற வார்த்தை, மூணு இழைன்னு அர்த்தம் வர்ற பழைய வார்த்தைலேர்ந்து வந்துச்சாம், உன் மெஷினுக்கும் இதுக்கும் சொந்தமே கெடயாது என்றாள். ஆப்பிரிக்காவில் ட்ரில் என்று ஒரு குரங்கு இருப்பதாகவும் படத்தைக் காட்டினாள்.

"குரங்கெல்லாம் இதுல சேக்காதடி" என்றாள் வனஜா. "அது தனி."

"தனின்னா எல்லாம் தனிதாம்மா. பாதி வார்த்தைங்க ஒரே மாதிரி முகம் வச்சிருக்கிற அடுத்த வீட்டுக்காரங்க."

அதுவும் வனஜாவுக்குப் பிடித்திருந்தது. எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைத்திருந்ததை விட இது இன்னும் வேடிக்கையாக இருந்தது.

ராணுவ அதிகாரிகளைப் பழக்கும் கடக்வாஸ்லா அகாடமியில் பெண்களையும் சேர்க்கிறார்கள் என்ற செய்தியை அவர்களுக்குச் சொன்னதும் அதே ஸ்வாமிநாதன்தான். நீலா பிளஸ் டூ முடிக்கும்போதே பரீட்சை எழுதினாள், நேர்முகத்தில் தேறினாள், ஜூலையில் பெட்டியோடு போய்ச் சேர்ந்தாள். வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் முதல் பருவத்தில் அணிவகுப்பு ட்ரில் பரீட்சையில் தேறுகிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் வெளியே விட மாட்டார்கள். மற்றபடி ஞாயிறு பதினோரு மணிக்கு இருபது நிமிஷம் ஃபோன். அந்த இருபது நிமிஷத்துக்காக வனஜா ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்ப்பதை விட்டுவிட்டாள், ஏனென்றால் தொழிற்சாலைக்குள் ஃபோன் போகாது, கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

மகள் ட்ரில்லில் என்ன தடுமாறப் போகிறாள் என்றுதான் வனஜா நினைத்தாள். ஓட்டத்தில் முதல், கயிறு ஏறுவதில் முதல் என்று சொன்ன பெண், ட்ரில் பரீட்சையில் தோற்றாள். ஒரு மாதம் கழித்து இரண்டாம் முறையும் தோற்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீலாவின் குரல் தேய்ந்து போயிருந்தது.

"என் கூட வந்தவங்க எல்லாரும் பாஸும்மா. ஃபெயிலானவங்களோட சண்டே ஸ்குவாட்ரன்ல நான் மட்டும்தான் இருக்கேன். ட்ரில் சொல்லிக்குடுக்கிற உஸ்தாத் எல்லார் முன்னாடியும், இந்தப் பொண்ணு நிக்குறாளா இல்லியான்னே தெரியல, ஆவாஸே வரலன்னு சொல்றார்."

"என்ன சத்தம்டி?"

"தம்னு ஆர்டர் குடுத்தா நிக்கணும். நிக்கும்போது பூட் சத்தம் வரணும். எல்லாருக்கும் வருது. எனக்கு வரல. ராத்திரி காரிடார்ல பழகினேன், அப்பவும் வரல. அம்மா, நான் வந்துடறேன். விலகுறேன்னு லெட்டர் குடுக்கலாம். கார்டியன் சைன் வேணும். நீ போட்டு அனுப்பு."

வனஜா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அடுத்த பரீட்சை எப்போது என்று கேட்டாள். பன்னிரண்டு நாளில், வெள்ளிக்கிழமை.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடு. அப்பவும் நீ கேட்டா போட்டுத் தரேன். சத்தியமா."

ஃபோனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு கையெழுத்துதான். போட்டால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும், தினமும் சாப்பாடு போடலாம், தலை வாரிவிடலாம். அந்த ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் பதினெட்டு வயதில் தோற்றுப் போய் வந்த பெண் என்று தன்னைத்தானே நினைத்துக்கொண்டு இந்த வீட்டில் வளைய வருவாளே. அதற்கும் மேலே ஒரு கேள்வி அவளைக் குடைந்தது. பூட்டில் இரும்பு லாடம் அடித்திருக்கிறது. கீழே சிமென்ட் தரை. சத்தம் எப்படி வராமல் போகும்? பன்னிரண்டு வருஷம் ட்ரில் ட்ரில் என்று பல் டாக்டரையும் விதைக் கருவி விற்கிறவனையும் குடைந்தவள், சிப்பாய்களின் ட்ரில்லைப் பற்றி ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பள்ளிக்கூடத்து ட்ரில் மாஸ்டரைப் பார்த்திருக்கிறோம், அது தெரிந்த விஷயம்தானே என்று விட்டிருந்தாள். அந்த நினைப்பு இப்போது அவளுக்கு அவமானமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வானவடிக்குப் போனாள். ஸ்வாமிநாதன் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு மேஜரின் கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "வாங்க தங்கச்சி, இன்னைக்கு என்ன புது ட்ரில்லு?" என்றார்.

வனஜா சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். அவர் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுக் கேட்டார். ஹவில்தாராக இருந்த காலத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு ஏழு வருஷம் அணிவகுப்பு சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"உஸ்தாத் கோவிச்சுக்கிட்டாருன்னா தப்பில்ல. தோள் எப்படி, கை எப்படி?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லல. சத்தம் வரலன்னுதான்."

ஸ்வாமிநாதன் எழுந்து கடை வாசலுக்கு வந்தார். அறுபத்திரண்டு வயது, கொஞ்சம் தொப்பை. நான்கு அடி நடந்தார், நின்றார். ரப்பர் செருப்புதான், ஆனாலும் தரை அதிர்ந்தது. எதிரே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா? குதிகாலால தரைய வெட்டணும், முதல்ல எடது, அப்புறம் வலது. மெதுவா வைக்கிற பேச்சே இல்ல. நூறு பேரு வெட்டுனாலும் ஒரே சத்தம் கேக்கணும். சத்தம் சேந்து விழுந்தா, பக்கத்துல இருக்கிறவன் நம்மகூட இருக்கான்னு உடம்புக்குத் தெரியும். அதுக்குத்தான் ட்ரில்லு. எங்க, நீங்க நடங்க பாப்போம்."

"நானா?"

"புள்ள அம்மா மாதிரிதான நடக்கும். நடந்து நில்லுங்க."

வனஜா கடைக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்து நின்றாள். ஸ்வாமிநாதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தார்.

"மறுபடி."

மறுபடியும் நடந்தாள்.

"தங்கச்சி, நீங்க நடக்கிறதே கேக்கலியே. விரல் முதல்ல தொடுது, அப்புறம் பாதம், கடைசியிலதான் குதிகால் வருது. திருடப் போற மாதிரி இருக்கு, தப்பா நெனைக்காதீங்க. யாரு உங்களுக்கு இப்படிப் பழக்கினது?"

வனஜா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பரமசிவம் வேலை பார்த்த நிரப்பும் பிரிவில் வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை இருக்கும். இந்தப் பக்கத்துச் செருப்பு அந்தப் பக்கம் போகாது. பலகையைத் தாண்டும்போது ஆணியில்லாத மெத்தென்ற ஷூவுக்கு மாற வேண்டும், சட்டையில் உலோகப் பித்தான் கூடாது, மோதிரம் கூடாது. உள்ளே போனால் காலை இழுத்து நடக்கக் கூடாது, தட்டி நடக்கக் கூடாது, எதையும் டொக்கென்று வைக்கக் கூடாது. அவர் இருபது வருஷம் அப்படி நடந்தவர். வீட்டிலும் அதேதான். அந்தப் பழக்கம் வீட்டில் விட்டுப்போனால் அங்கேயும் விட்டுப்போகும் என்பார். கல்யாணமாகி வந்த புதிதில் வனஜா டம்ளரை ணங்கென்று வைத்தால் அவருக்குத் தூக்கிவாரிப் போடும். அதற்குப் பயந்தே அவளும் மெதுவாக வைக்கவும் மெதுவாக நடக்கவும் கற்றுக்கொண்டாள். நீலாவுக்கு அதையே விளையாட்டாக்கினார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் வாசலிலிருந்து அவர் மடி வரைக்கும் அவர் காதில் விழாமல் வந்து சேர வேண்டும். வந்துவிட்டால் ஒரு மிட்டாய். சாகிற வாரம்வரை அந்த விளையாட்டு நடந்தது.

மருந்து நிரப்புகிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி ஒரு தப்பு வரும். உஸ்தாதுக்கு எப்படித் தெரியும், பாவம். பெற்றவளுக்கே பதினெட்டு வருஷம் தெரியவில்லையே. வனஜா ஸ்வாமிநாதனிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல புள்ள தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அங்க அது செல்லாது. சொல்லிப் பாருங்க."

சொல்வது லேசு இல்லை என்று வனஜாவுக்குப் பஸ்ஸில் வரும்போதே தெரிந்தது. உன் அப்பா சொல்லிக்கொடுத்ததை விட்டுவிடு என்று எப்படிச் சொல்வாள்? நான்கு நாள் மெஷின் முன்னால் நின்று வார்த்தை தேடினாள். வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு வருஷத்தில் ஆறாவது பிட்டை உடைத்தாள். சாவந்த் வந்து பார்த்துவிட்டு, பி.டி. மேடத்துக்கு உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது. எடுத்ததும் நீலா, "சைன் போட்டுட்டியா?" என்றாள்.

"பேப்பர் எழுதி வச்சிருக்கேன். பேனாவும் பக்கத்துல இருக்கு. ஒண்ணு கேக்கறேன், அதுக்கு பதில் சொல்லு. நிக்கும்போது உனக்கு எது மொதல்ல தரையில படுது, வெரலா, குதிகாலா?"

நீலா யோசித்தாள். ஃபோனை வைத்துக்கொண்டே நடந்து பார்க்கிறாள் என்று வனஜாவுக்குப் புரிந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

"விரல்."

"அது யாரு சொல்லிக் குடுத்தது?"

யாரோ இன்னொரு பெண் பின்னால் இந்தியில் பேசிக்கொண்டு போனாள்.

"அப்பா" என்றாள் நீலா.

"ஆமாண்டி. நானும் அப்படித்தான் நடக்கறேன், செவ்வாக்கெழமதான் எனக்கே தெரிஞ்சுது. பாரு, என் ட்ரில்லுல மெதுவா அழுத்தி மெதுவா எடுக்கணும். சைரன் அடிச்சா ஓடாம நடக்கணும். உன் ட்ரில்லுல வெட்டணும். பேரு ஒண்ணா இருந்தா என்ன, ஒவ்வொரு எடமும் ஒடம்ப வேற மாதிரி கேக்குது. அப்பா வேல பாத்த எடம் மெத்துனு கேட்டுச்சு. அவரு குடுத்தாரு. நீ நிக்கற எடம் சத்தம் கேக்குது."

"என்னால முடியாதும்மா."

"முடியலன்னா வந்துடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். அகாடமி கேட்டு முன்னாடி வந்து நின்னு கூட்டிட்டு வரேன். வெள்ளிக்கெழம ஒரு தடவ வெட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணு."

நீலா, நேரம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று வனஜாவைக் கேட்டால் தெரியாது என்பாள். வெள்ளிக்கிழமை போனது. சனிக்கிழமை போனது. ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கே ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினொன்று அடித்தது. பதினொன்றே கால். ஃபோன் வரவில்லை. பேப்பரை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பெயரின் கடைசி எழுத்து கோணலாக விழுந்தது. பதினொன்றரைக்குச் சமையலறைக்குப் போய் என்ன செய்வதென்று தெரியாமல் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பன்னிரண்டாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. திறந்தால் நீலா நிற்கிறாள். வெள்ளைச் சட்டை, கோட், டை, வெயிலில் கருத்த முகம், ஒட்ட வெட்டிய தலை. பரீட்சையில் தேறாமல் இந்த உடையில் இந்த வாசலுக்கு யாரும் வர முடியாது. வனஜா ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"கோட்டு ஈரமாவுதும்மா" என்றாள் நீலா, ஆனால் விலகவில்லை.

கையெழுத்துப் போட்ட பேப்பரை நீலா மேஜைமேல் பார்த்தாள். படித்தாள். நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். ஆறு தோசை சாப்பிட்டாள். பிறகு தரையிலேயே படுத்து மூன்று மணி நேரம் தூங்கினாள். வனஜா பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தத் தலையையும் அந்தக் காலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகாலில் கொப்புளம் வெடித்து ஆறிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குள் திரும்பியாக வேண்டும். நாலு மணிக்கு இருவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். அதுவரை பரீட்சையைப் பற்றி நீலா ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே இப்போதுதான் சொன்னாள்.

"தம்னு சொன்னதும் வெட்டினேன். சத்தம் நல்லா வந்துச்சு. உஸ்தாத் ஷாபாஷ்னு சொன்னார். எனக்கு மட்டும் அழுகையா வந்துச்சும்மா."

"எதுக்குடி?"

"அப்பா முகம் எனக்கு ஃபோட்டோல பாத்துதான் தெரியும். குரல் ஞாபகமில்ல. அந்த விளையாட்டு ஒண்ணுதான் நிஜமா ஞாபகம் இருந்துச்சு. அதப் போய் மிதிச்சுட்டேன். அவர் இருந்தா கோவிச்சுக்குவார் இல்ல?"

வனஜா என்ன சொல்வது என்று தேடும்போது, பன்னிரண்டு வருஷமாக நினைத்தே பார்க்காத ஒன்று கண் முன்னால் வந்து நின்றது. கல்யாணமான முதல் வருஷம் அவருடைய ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு அவள் தொழிற்சாலை கேட்டுக்குப் போய்க் காத்திருப்பாள்.

"உங்கப்பா வேல முடிஞ்சு வெளிய வருவாரு இல்ல, அப்ப ஒண்ணு பண்ணுவாரு. கேட்ட தாண்டி பத்தடி வந்ததும் நிப்பாரு. ரெண்டு காலையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு தரையில தம்முனு ஓங்கித் தட்டுவாரு. தெனமும். ஜனங்க பாக்கறாங்களேன்னு எனக்கு மானம் போவும். கால் மரத்துப் போயிருக்கும்னு நெனச்சுக்குவேன். இன்னா இதுன்னு கேட்டா, நாளெல்லாம் அடக்கி வச்சது வெளிய போவட்டும்னு சிரிப்பாரு. அப்புறம் வீடு வரைக்கும் பழைய மாதிரி சத்தமில்லாமத்தான் நடப்பாரு."

நீலா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறாளா என்று தேடினாள்.

"நிஜமாவா?"

"நிஜம்டி. எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு உனக்குத் தெரியாதா."

பஸ் வந்து நின்றது. நீலா ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் உள்ளே போகச் சொல்வதைக் காதில் வாங்காமல், படியிலிருந்தே குனிந்து கேட்டாள்.

"எந்தக் கால் முதல்ல?"

வனஜா கண்ணை மூடி அந்த கேட்டையும் அந்த மனிதரையும் நினைத்துப் பார்த்தாள்.

"வலது" என்றாள். "வலது, அப்புறம் எடது."

"உஸ்தாத் ஃபெயில் பண்ணியிருப்பார்" என்றாள் நீலா. அவள் சிரித்துக்கொண்டே அழுவதை வனஜா பார்த்தாள், பஸ் கிளம்பிவிட்டது.